நீர்நாய்கள் ஊரைவிட்டுப் போன வருடம்

கார்வர்ஸ்பர்க், பென்சில்வேனியா
ஏப்ரல் 12, 1993

அன்புள்ள தம்பி கிளெமுக்கு,

நான் இங்கே சௌகரியம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்ததாகச் சொல்லிக்கொள்கிறாயா?

வெள்ளிக்கிழமை இந்த வருடத்தின் முதல் பேஸ்பால் ஆட்டம். காலையில் பனி கொட்டிக் கிடந்தது. ரசிகர் மன்றத்திலிருந்து பதினோரு பேர் மண்வாரியோடு போய் மைதானத்தைச் சுத்தம் செய்தோம். அறுபத்துமூன்று வயதில் பனி அள்ளுகிறாயே என்று நீ திட்டுவாய். மன்றச் செயலாளரே வீட்டில் போர்த்திக்கொண்டு கிடந்தால் மற்றவர்கள் எப்படி வருவார்கள்?

நம் நீர்நாய்கள் அணி ஏழுக்கு இரண்டு என்று தோற்றது. மூன்றாவது பேஸுக்குப் பின்னால் எப்போதும் உட்காரும் இடத்தில் நான், பக்கத்தில் தெல்மா, முன்வரிசையில் பீட் சோவா. கண்ணாடி ஆலையில் முப்பது வருடம் உலைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அவனுக்கு. முதல் இன்னிங்ஸிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"யோவ் அம்பயரு! கண்ணாடிய கார்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

அம்பயர் திரும்பவில்லை.

"போய் எடுத்துட்டு வாய்யா, நாங்க காத்திருக்கோம். ஆனா கார் எங்க நிக்குதுன்னு கண்ணு தெரியணுமே!"

அம்பயருக்கே தோள் குலுங்கியது.

டொமினிகன் நாட்டிலிருந்து ரமோன் என்று ஒரு பிட்சர் வந்திருக்கிறான். பத்தொன்பது வயது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பனியைப் பார்த்து, கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டான். அபாரமாக வீசுகிறான். அதனால் ஜூலைக்குள் மேல் அணிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நம் அணியின் தலையெழுத்து தெரிந்ததுதானே. நன்றாக ஆடுகிறவன் மேலே போய்விடுவான், மோசமாக ஆடுகிறவன் வீட்டுக்குப் போய்விடுவான். நாங்கள் மட்டும் அங்கேயே இருப்போம்.

யாரோ வெளியூர்க்காரர்கள் அணியை விலைக்குக் கேட்கிறார்களாம். வருடாவருடம் வருகிற பேச்சுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் எழுது.

உன் அக்கா
இர்மா


ஃப்ளோரிடா
மே 9, 1993

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருப்பது சந்தோஷம். என் இடுப்பு மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழைக்குப் பின்னாலும் வலிக்கிறது. இப்போது பார்வையும் மங்குகிறது.

இங்கே இப்போதே வெயில் கொளுத்துகிறது. என் நடீன் வைத்த ஆரஞ்சு மரம் இந்த வருடம் கிளை ஒடிகிற அளவுக்குக் காய்த்தது. நான் ஒருவனே எத்தனை தின்பது? ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அடியில் இருப்பதை முதலில் சாப்பிடு.

உடம்பைக் கவனித்துக்கொள்.

கிளெம்


கார்வர்ஸ்பர்க்
மே 19, 1993

அன்புள்ள கிளெமுக்கு,

ஆரஞ்சு வந்து சேர்ந்தது. இரண்டுதான் அழுகியிருந்தன. தெல்மாவுக்கும் பீட்டுக்கும் கொடுத்தேன். பீட் தோலோடு தின்கிறான்.

இந்தமுறை வெறும் பேச்சில்லை, கிளெம். கரோலினாவில் ஒரு கூட்டம் புது மைதானம் கட்டி வைத்துக்கொண்டு அணி தேடுகிறது. கேட்கிறவர்கள் அவர்கள்தான். வாங்கினால் அணியை அடுத்த வருடமே அங்கே கொண்டுபோய்விடுவார்கள். இன்னொரு பக்கம் மேல் லீக்காரர்கள், விளக்கும் உடைமாற்றும் அறையும் புதிதாகப் போடு, இல்லாவிட்டால் ஆட்டக்காரர்களை அனுப்பமாட்டோம் என்கிறார்கள். நாங்கள் விருந்து வைத்தும் கேக் விற்றும் விளக்குப் போட்டுவிடுவோம். விற்காமல் இருந்தால் போதும்.

அப்பா 1961-இல் அணியில் நம் இருவர் பேரிலும் இருபது இருபது பங்கு எழுதிவைத்தாரே, அதற்கு இப்போது வேலை வந்திருக்கிறது. ஜூலை 14 அன்று பங்குதாரர்களின் ஓட்டு. விற்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும். வெளியூரில் இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டு. சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். "விற்கச் சம்மதமில்லை" என்ற கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி, கீழே கையெழுத்து. இரண்டு நிமிட வேலை. எனக்கே திருப்பி அனுப்பு, நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.

பார்வை மங்குகிறது என்றாயே, கண் டாக்டரிடம் போனாயா?

உன் அக்கா
இர்மா


ஃப்ளோரிடா
ஜூன் 20, 1993

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கண்ணுக்கு ஒன்றுமில்லை, வயசுதான் என்றார்கள். உன் முழங்கால் எப்படி?

பின்பக்கக் கால்வாயில் ஒரு முதலை வந்து குடியேறியிருக்கிறது. ஆறடி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் அதற்குக் கோழித்துண்டு போடுகிறான். "போடாதய்யா, பழகிடும்" என்றேன். "பழகினா நல்லதுதானே" என்கிறான். வேலியை உயர்த்திக் கட்டினேன். அதிலேயே இரண்டு வாரம் போய்விட்டது.

நடீனின் தையல் இயந்திரத்தைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டேன். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன், ஆனாலும் ஓடாத இயந்திரம் துருப்பிடிக்கத்தான் செய்யும்.

நீ அனுப்பிய தாள் வந்தது என்று நினைக்கிறேன். பார்க்கிறேன்.

கிளெம்


கார்வர்ஸ்பர்க்
ஜூன் 25, 1993

கிளெம்,

வந்தது என்று நினைக்கிறாயா? வந்ததா இல்லையா? இன்னொரு சீட்டு வைத்திருக்கிறேன். இதையும் முதலைக்குப் போட்டுவிடாதே.

என் முழங்காலுக்கு என்ன கேடு, நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மாதமாக நானும் தெல்மாவும் வீடுவீடாகப் படி ஏறுகிறோம். செத்துப்போனவர்கள் பேரில் பாதிப் பங்கு இருக்கிறது, பிள்ளைகளைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. பல் டாக்டர் மகன் ஒருவன் கதவைத் திறந்ததும், "வருஷத்துக்கு எத்தன ஆட்டம் ஜெயிக்கறாங்க?" என்று கேட்டான்.

தெல்மா விடவில்லை. "உங்க அப்பா வருஷத்துக்கு எத்தன பல்லத் தப்பா புடுங்கினாரு? அதுக்காக நாங்க அவர வித்துட்டமா?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

ரமோனைப் போன செவ்வாய்க்கிழமை மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் சொன்னதைவிடச் சீக்கிரம். பஸ் ஏறுமுன் வேலிக்கு வந்து, தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில், "அம்மா, நான் திரும்ப வரமாட்டேன், நல்லது" என்றான். எனக்கும் அதுதான் வேண்டும். திரும்பி வந்தால் அவன் தோற்றான் என்று அர்த்தம். வராத பிள்ளைகளுக்காகச் சந்தோஷப்பட்டே முப்பது வருடம் ஓட்டியிருக்கிறேன்.

எங்கள் கணக்கு மயிரிழையில் நிற்கிறது. உன் இருபதையும் நம் பக்கத்தில் சேர்த்துத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உடனே அனுப்பு.

இர்மா


ஃப்ளோரிடா
ஜூலை 5, 1993

அக்கா,

சீட்டை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு நேராகக் கிளப் அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டேன். ஃபோன் செய்ய வேண்டாம், மதியத்தில் தூங்குகிறேன்.

வெயிலில் அதிகம் அலையாதே.

கிளெம்


கார்வர்ஸ்பர்க்
ஜூலை 17, 1993

கிளெம்,

நான் நலமா என்று நீ விசாரிக்க வேண்டாம்.

கூட்டம் ஸ்லோவாக் சங்கத்து ஹாலில் நடந்தது. மின்விசிறி ஓடியும் எல்லோருக்கும் சட்டை நனைந்துவிட்டது. எண்ணுகிற மேசையில் என்னை உட்கார்த்தியிருந்தார்கள். தெல்மா ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து உரக்கப் படிப்பாள், நான் குறிப்பேன். தபால் ஓட்டு கடைசியில் வந்தது.

"ஹுடாக், கிளெமென்ட். இருபது பங்கு" என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

"படிடி" என்றேன்.

"இர்மா..."

"என்னடி? படி."

"விற்கச் சம்மதம்னு இருக்கு." அதையும் மெதுவாகத்தான் சொன்னாள். ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது. "கை தவறிப் போட்டிருப்பாரோ? கண்ணு மங்குதுன்னு சொன்னியே."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். குறி கட்டத்துக்குள் கச்சிதமாக இருந்தது. கோடு வெளியே பிசகவில்லை. நான் சொன்னதற்கு அடுத்த கட்டம். என் கையாலேயே அந்த இருபதை அவர்கள் பக்கம் எழுதினேன்.

தேவைக்கு மேல் பதினாலு பங்கில் விற்பனை ஜெயித்தது. பதினாலு. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வெளியே வரும்போது, "ஹுடாக் வீட்டு ஓட்டுலதான் போச்சு" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. அடுத்த நாள் செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். இருக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை.

பணம் உனக்குத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். பின் ஏன்? ஒரு வரி எழுது.

இர்மா


ஃப்ளோரிடா
ஆகஸ்ட் 15, 1993

அக்கா,

கை தவறவில்லை.

1990, செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை. உனக்கு ஃபோன் செய்தேன். "நடீன் இந்த வாரம் தாண்டமாட்டான்னு சொல்றாங்கக்கா" என்றேன். "ஐயோ, இதோ கிளம்பறேன்டா" என்றாய்.

சனிக்கிழமை அவள் கண் திறந்தாள். "இர்மா வந்துட்டாளா?" என்றாள். பதினோரு வருடம் இங்கே இருந்து ஒருவரோடும் ஒட்டாதவள், உன் ஒருத்தியோடுதான் ஃபோனில் மணிக்கணக்கில் பேசுவாள். "வந்துட்டே இருக்கா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் போய்விட்டாள்.

மறுபடி உனக்கு ஃபோன் செய்தேன். விமானத்தில் இடமில்லை, வெள்ளிக்கிழமைக்குத்தான் கிடைக்கிறது என்றாய். நம்பினேன். புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அடக்கம். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். நாங்கள் ஐந்து பேர்தான் இருந்தோம். ஆறாவதாக, சவ வண்டி ஓட்டிவந்தவன் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு வந்து கைகொடுத்தான்.

நீ வெள்ளிக்கிழமை வந்தாய். அழுதாய். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போனாய்.

அடுத்த வாரம் தபாலில் கார்வர்ஸ்பர்க் பத்திரிகை வந்தது. ஊர்ச் சேதி தெரியட்டும் என்று நீயே எனக்காகச் சந்தா கட்டியது. முதல் பக்கத்தில் பெரிய படம். புதன்கிழமை சாயங்காலம், இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு நீர்நாய்கள் கோப்பையை ஜெயித்ததும் மைதானத்துக்குள் ஓடிய கூட்டம். நடுவில் நீ. தொப்பி கையில். வாய் காதுவரை திறந்திருந்தது. உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

நீயாகச் சொல்வாய் என்று மூன்று வருடம் இருந்தேன். ஒவ்வொரு உறையையும் கிழிக்கும்போது இதில் இருக்கும் என்று நினைப்பேன். மழையில் நின்ற ஆட்டம், மேலே போன பிட்சர், பீட் அடித்த நக்கல் எல்லாம் இருக்கும். நான் நடீன் பேரை எழுதிய கடிதங்களுக்குக்கூட நீ எழுதிய பதிலில் அவள் பேர் இருக்காது.

சீட்டு ஆறு வாரம் சமையலறை மேசைமேல் கிடந்தது. உன்னிடமிருந்து இரண்டாவது சீட்டு வந்த அன்று பேனாவை எடுத்தேன்.

கிளெம்


கார்வர்ஸ்பர்க்
செப்டம்பர் 8, 1993

கிளெம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நாலைந்து பொய் யோசித்து வைத்தேன். எதுவும் நிற்கவில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

விமான நிலையத்துக்கு நான் ஃபோனே செய்யவில்லை. வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்று இரண்டாவது இறுதி ஆட்டம். இதை மட்டும் பார்த்துவிட்டுக் காலையில் கிளம்புவோம் என்று போனேன். ஜெயித்தோம். சனிக்கிழமையும் ஜெயித்தோம். ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்தபோது, நடீன் போய்விட்டாள், இனி ஒருநாள் முந்திப் போனாலும் பிந்திப் போனாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். உனக்குத் தெரியும் என்பது என் புத்தியில் ஏறவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை அந்த ஒன்பது இன்னிங்ஸில் ஒருமுறைகூட நடீன் ஞாபகம் வரவில்லை. அதனால்தான் பிறகு அவள் பேரை எழுதக் கை வரவில்லை.

திங்கட்கிழமை நம் மைதானத்தில் கடைசி ஆட்டம். நாலாயிரம் பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேரை இதற்குமுன் அங்கே நான் பார்த்ததில்லை. தெல்மா முதல் பேஸ் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். என் வரிசையில் என்னைச் சுற்றி ஆறு இடம் காலி. பீட் மட்டும் இடம் மாறவில்லை. ஆனால் ஒன்பது இன்னிங்ஸும் வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் அம்பயரே வேலியோரம் வந்தான்.

"என்ன பெருசு, இன்னிக்கு சத்தத்தயே காணோம்? நாலு தப்பு பண்ணேனே, பாக்கலியா?"

"பாத்தேன்" என்றான் பீட். "உன்னத் திட்டி இனிமே என்னய்யா ஆவப்போவுது? திட்டு வாங்கிட்டு அடுத்த வருஷம் நீ திருந்தி வர்றதுக்கு இங்க ஆட்டமா இருக்கு?"

அம்பயர் முகமூடியைக் கழற்றி அவனுக்குக் கைகொடுத்தான். பீட் அழுதான். அவன் மனைவி செத்தபோதுகூட நான் பார்க்காத அழுகை.

நான் உனக்குச் செய்தது பெரும் பாவம். எனக்கு நீ என்ன செய்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பீட் உனக்கு என்ன செய்தான்?

இர்மா


ஃப்ளோரிடா
டிசம்பர் 19, 1993

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸ் வருகிறது. பனியில் வழுக்கி விழாதே. படியில் உப்புத் தூவச் சொல்லி யாரிடமாவது சொல்.

பழி தீர்த்தால் பசி தீர்ந்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஜூலையில் உன் கடிதத்தைப் படித்த அன்று அப்படித்தான் இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் எழுந்து யாரிடம் சொல்வது என்று பார்த்தேன். நடீனிடம் சொல்லியிருந்தால், "என்ன காரியம் பண்ணிட்டு வந்து நிக்கறீங்க? அவளுக்கு அது ஒண்ணுதானே இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பாள்.

பீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டான்.

குளிர்காலத்துக்கு இங்கே வாயேன். பின்னறை காலியாக இருக்கிறது, காலை வெயில் வரும். பேச வேண்டாம். சும்மா வந்து இரு.

தம்பி
கிளெம்


ஃப்ளோரிடா
பிப்ரவரி 20, 1994

அன்புள்ள அக்கா,

டிசம்பரில் ஒரு கடிதம் போட்டேன். கிடைத்ததா? உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது. உன் ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

கிளெம்


கார்வர்ஸ்பர்க்
ஏப்ரல் 14, 1994

கிளெம்,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. உயிரோடுதான் இருக்கிறேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உன் உடம்பைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. நேரிலேயே பார்த்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமைதான் முதல் ஆட்டம் நடந்திருக்க வேண்டிய நாள். அன்று இந்த ஊரில் இருக்க என்னால் முடியாது என்று தெரியும். புதன்கிழமையே பஸ் ஏறினேன். ஒன்றரை நாள் பயணம். வெள்ளிக்கிழமை காலையில் உன் ஊரில் இறங்கி, டாக்சி பிடித்து முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

புல் வெட்டுகிறவர் ஒருவர் வழிகாட்டினார். "நீங்க அந்தம்மாவுக்கு என்ன வேணும்?"

"நாத்தனார்."

"இங்க உங்கள பாத்ததே இல்லியே. அவருதான் வாராவாரம் வருவாரு, தனியா."

கல்லில் நடீன் பேருக்குப் பக்கத்திலேயே உன் பேரையும் வெட்டி வைத்திருக்கிறாய், தேதி மட்டும் பாக்கி. பூ கொண்டுபோகவில்லை. மூன்றரை வருடம் கழித்துப் பூவோடு போய் நிற்க வெட்கமாக இருந்தது. ஒரு மணி நேரம் நின்றேன். உனக்கு எழுதியதையெல்லாம் அவளிடமும் வாய்விட்டுச் சொன்னேன்.

பிறகு உன் தெருவுக்குப் போகச் சொன்னேன். எதிர்ப்பக்கம் இரண்டு வீடு தள்ளி டாக்சியை நிறுத்தினோம். நீ வெளியே வந்தாய். கைத்தடி வைத்திருக்கிறாய், அதை எனக்கு எழுதவில்லை. மிகவும் இளைத்துவிட்டாய், சட்டை தோளிலிருந்து தொங்கியது. வாசலிலிருந்து தபால்பெட்டிவரை நடக்க உனக்கு அத்தனை நேரம் ஆயிற்று. பெட்டியைத் திறந்து பார்த்தாய். ஒன்றுமில்லை. மூடினாய். இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி திறந்து, உள்ளே கைவிட்டுத் துழாவினாய்.

"இறங்கறீங்களாம்மா?" என்று டாக்சிக்காரர் கேட்டார்.

இறங்கியிருந்தால் உன்னை மன்னித்திருப்பேன், கிளெம். கதவின் கைப்பிடியில் கை இருந்தது. நீயும் என்னை மன்னித்திருப்பாய், பின்னறையில் வெயிலில் உட்கார்த்தி ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருப்பாய். ஆனால் இங்கே பீட் தினமும் நம் மைதானத்து வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருக்கிறான். மைதானத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது.

"இல்ல, போலாம்" என்றேன்.

இர்மா